குற்றவாளி யார்? கையா, கருவியா?

நமது நாட்டில் ஒரு காரியம் கெட்டுப் போனால் அதற்குக் காரணம் தேடுகிற வழக்கம் குறைவு. பழி போட ஆள் தேடுகிற வழக்கமே அதிகம். பிள்ளை செத்தால் பூர்வ ஜென்ம வினை என்பார்கள். வியாபாரம் நொடித்தால் சனியன் பிடித்தது என்பார்கள். கட்டிக்கொண்ட புருஷன் காய்ச்சலில் போய்விட்டால், காய்ச்சலை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் ஜாதகத்தைப் பிடித்துக் கொள்வார்கள். இவை எல்லாம் பித்தலாட்டப் பேச்சு என்று நம் தோழர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே பழைய விதி இப்போது காலுக்குப் பூட்சும் கழுத்துக்கு டையும் மாட்டிக்கொண்டு வேறு பேரில் நம்மிடம் நடமாடுகிறது என்பதையும், நம்மில் பகுத்தறிவு பேசுகிறவர்களில்கூடப் பலர் அதற்கு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதையும் எடுத்துக் காட்டவே இதை எழுதத் துணிந்தோம்.

அந்தப் புதுப் பேர் "மனிதத் தவறு" என்பதாகும்.

ஆகாய விமானம் தரையில் மோதினால் ஓட்டியவன் தவறு. பாங்கிப் பெட்டியில் பணம் வராவிட்டால் பட்டனை அமுக்கத் தெரியாத கிழவன் தவறு. சர்க்கார் மனுவை செல்போனில் பூர்த்தி செய்ய முடியாமல் ஒருவன் திரும்பத் திரும்ப முதல் பக்கத்துக்கே வந்து நின்றால், அவன் படிக்காத தவறு. இப்படி ஒவ்வொன்றுக்கும் கடைசியில் அகப்பட்டவன் தலையில் கையை வைத்துவிட்டு விசாரணையை முடித்துக் கொள்ளுகிறார்கள். அந்த விமானத்தை, அந்தப் பெட்டியை, அந்த மனுவை அப்படிச் செய்தவன் யார், ஏன் அப்படிச் செய்தான், செய்யும்போது யாரை மனதில் வைத்துக் கொண்டு செய்தான் என்று ஒருவரும் கேட்பதில்லை. பிரம்மா படைத்ததைப் பற்றிக் கேள்வி கேட்கக்கூடாது என்று சொன்ன நாட்டில், என்ஜினீயர் படைத்ததைப் பற்றி மாத்திரம் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

ஆனால் கேள்வி கேட்டவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். கேட்டதனால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. அந்தச் சங்கதியைச் சற்று விரிவாகவே சொல்லுகின்றோம்.

இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது அமெரிக்கர்களிடம் பி-17 என்ற பெரிய குண்டு வீச்சு விமானம் இருந்தது. அதில் ஒரு விசித்திரமான விபத்து அடிக்கடி நடந்து வந்தது. விமானம் எதிரியின் பீரங்கிக்குத் தப்பி வந்து, நல்லபடியாகத் தரையிலும் இறங்கிவிடும். இறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓட்டியவர் தமது கையினாலேயே சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுவார். விமானம் வயிற்றால் தரையில் உட்கார்ந்து நாசமாகும். பைத்தியக்காரன்கூடச் செய்யாத காரியத்தைத் தேர்ந்தெடுத்துப் பழக்கப்பட்ட விமானிகள் செய்தார்கள். இதற்கு மேலதிகாரிகள் எழுதி வைத்த காரணம் "விமானி தவறு" என்பதுதான்.

1943-ல் ரைட் பீல்டு என்ற இடத்தில் இருந்த ஆராய்ச்சி சாலைக்கு அல்போன்ஸ் சப்பானிஸ் என்கின்ற ஒரு வாலிபர் வந்து சேர்ந்தார். அவர் மனோதத்துவம் படித்தவர். அவர் விமானியின் மூளையைச் சோதிப்பதோடு நிற்காமல், விமானி உட்காருகிற இடத்தைப் போய்ப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. சக்கரத்தை இழுக்கும் பிடியும், இறக்கையின் பின்புறத் தட்டியை மடக்கும் பிடியும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டும் ஒரே ஜாடையாகவும் இருந்தன. இறங்கியதும் தட்டியை மடக்க வேண்டும். களைப்போடும் கவலையோடும் இருட்டில் கையை நீட்டுகிறவன் பக்கத்துப் பிடியைப் பிடித்துவிடுகிறான். அதே யுத்தத்தில் பறந்த சி-47 என்ற விமானத்தில் இந்த விபத்து இல்லை. அதை ஓட்டினவர்கள் என்ன, தேவலோகத்தில் இருந்து வந்தவர்களா? அவர்களும் அதே பள்ளிக்கூடத்தில் பழகினவர்களே. அந்த விமானத்தில் இந்த இரண்டு பிடிகளும் அப்படி இரட்டைப் பிள்ளைகளைப் போல வைக்கப்பட்டிருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சப்பானிஸ் செய்த பரிகாரம் என்ன? சக்கரப் பிடியின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரம் ஒன்றையும், தட்டிப் பிடியின் நுனியில் ஆப்பு மாதிரி ஒரு துண்டையும் மாட்டச் செய்தார். தொட்டால் இன்னது என்று கைக்கே தெரிந்துவிடும். கண்ணால் பார்க்க வேண்டியதும் இல்லை. அதோடு அந்த விபத்து நின்று போயிற்று. இன்றைக்கும் பெரிய பிரயாண விமானங்களில் சக்கரத்துக்குரிய பிடி சக்கர வடிவமாகவே இருக்க வேண்டும் என்று அமெரிக்க விமான விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மில் ஆகாய விமானத்தில் போய்வருகிறவர்கள், பத்திரமாக இறங்கினதும் எந்த சாமிக்குத் தேங்காய் உடைப்பது என்று யோசிக்கும்போது, அந்த ரப்பர்ச் சக்கரத்தையும் ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்ளலாம்.

நிற்க, யுத்தம் முடிந்தபின் 1947-ல் பால் பிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் என்ற இருவர், விமானிகளையே நேரில் கேட்டு, பிடிகளைக் கையாளும்போது நேர்ந்த பிசகுகள் 460-ஐத் திரட்டி ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார்கள். ஒன்றைப் பிடிப்பதற்குப் பதிலாக வேறொன்றைப் பிடித்துவிட்டதுதான் அவற்றில் மிகுதி என்று கண்டார்கள். அந்த அறிக்கையின் தலைப்பில் "விமானி தவறு" என்ற சொல்லுக்கு அவர்கள் மேற்கோள் குறி போட்டிருந்தார்கள். அந்த இரண்டு சின்னக் குறிகளுக்கு உள்ள யோக்கியதை, நம் நாட்டில் ஆயிரம் பக்க விசாரணைக் கமிஷன் அறிக்கைக்குக்கூட உண்டா என்று சந்தேகிக்கின்றோம்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். விமானி உட்காரும் அறையை "சராசரி மனிதன்" ஒருவனுக்கு அளவெடுத்துச் செய்வது அக்காலத்து வழக்கம். 1950-ல் அமெரிக்க விமானப் படை நாலாயிரத்துச் சொச்சம் விமானிகளை அளந்தது. சரியாகச் சொன்னால் 4,063 பேர். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் அந்தக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, உயரம், மார்பு, கை நீளம் முதலிய பத்து அளவுகளிலும் சராசரிக்கு அண்டையில் இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார். நூற்றுக்குப் பாதி தேறும் என்று நினைத்தீர்களா? ஒருவர்கூட இல்லை. உயரம் சரியாக இருந்தவனுக்குக் கை நீளம். கை சரியாக இருந்தவனுக்கு இடுப்பு பெரிது. அதாவது, எல்லோருக்கும் பொதுவானவன் என்று சொல்லி எவனுக்காக விமானத்தைச் செய்தார்களோ, அவன் பூமியிலேயே பிறக்கவில்லை. கண்டவனும் இல்லை, தொட்டவனும் இல்லை, ஆனால் சகலமும் அவனுக்காகவே நடக்கின்றது என்றால், இப்படிப்பட்ட வேறொரு ஆசாமியை நம் வாசகர்களுக்கு முன்பே தெரியும். அதன் பிறகுதான் ஆசனத்தை முன்னும் பின்னும் நகர்த்தவும், மேலும் கீழும் ஏற்றவும், வாரை நீட்டவும் குறைக்கவும் வழி செய்தார்கள். ஆளை வெட்டி ஆசனத்துக்குப் பொருத்துவதை நிறுத்தி, ஆசனத்தை ஆளுக்குப் பொருத்தினார்கள்.

இந்த முறைக்கு இன்று "மனிதனை மையமாகக் கொண்ட வடிவமைப்பு" என்று பேர் சொல்லுகிறார்கள். சர்வதேச தர நிர்ணய ஸ்தாபனம் இதற்கென்றே 1999-ல் ஒரு விதி ஏற்படுத்தி, 2010-ல் புது எண் கொடுத்து விரித்து எழுதி, 2019-ல் மறுபடியும் திருத்தியது. பெரிய விதி என்று பயப்பட வேண்டாம். யார் உபயோகிக்கப் போகிறார்கள், எந்த இடத்தில், எந்த நிலைமையில், எந்தக் காரியத்துக்காக என்பதை முதலில் போய்த் தெரிந்துகொள். செய்யும்போதே அவர்களைக் கூட வைத்துக்கொள். செய்ததை அவர்கள் கையில் கொடுத்துப் பார். அவர்கள் இடறினால் அதைத் திருத்தி மறுபடியும் கொடு என்பதுதான் அதன் சாரம். நம் ஊர்ச் செருப்புத் தைக்கும் தோழர் காகிதத்தில் காலை வைக்கச் சொல்லிக் கோடு போட்டுக் கொள்கிறாரே, அதற்குமேல் இதில் தத்துவம் ஒன்றும் கிடையாது. செருப்புக்கு இருக்கிற இந்த மரியாதை சர்க்கார் மனுவுக்கு இல்லாமற் போனதுதான் நமது வருத்தம்.

"விளக்கைப் பார்த்து நடக்கத் தெரியாதவனிடம் யந்திரத்தைக் கொடுத்தால் இப்படித்தான்" என்று சிலர் சொல்லுவார்கள். அந்த விளக்கின் கதையையும் பார்ப்போம். 1979 மார்ச் 28-ந்தேதி விடியற்காலை நாலு மணிக்கு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் திரீ மைல் தீவு என்ற இடத்து அணுமின் நிலையத்தில் ஒரு கோளாறு நேர்ந்தது. அழுத்தம் ஏறியதால் ஒரு வால்வு தானே திறந்தது. அழுத்தம் குறைந்ததும் அது மூடியிருக்க வேண்டும். மூடாமல் சிக்கிக் கொண்டது. ஆனால் மேஜையின் மேல் இருந்த விளக்கோ அணைந்துவிட்டது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்றுதானே எவனும் நினைப்பான்? அங்கே அப்படி அல்ல. "மூடு" என்று உத்தரவு போய்விட்டது என்பதற்குத்தான் அந்த விளக்கு. மூடிற்றா இல்லையா என்பது அந்த விளக்குக்கே தெரியாது. நமது தாசில்தார் கச்சேரியில் "உத்தரவு போட்டாகிவிட்டது" என்றால் காரியம் நடந்துவிட்டதாக எண்ணி வீட்டுக்கு வந்து ஏமாறுகிறோம் அல்லவா, அந்த மாதிரி விளக்கு அது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உலையைக் குளிர்விக்கும் தண்ணீர் அந்த ஓட்டை வழியே போய்க்கொண்டே இருந்தது. முதல் சில நிமிஷங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட அபாய அறிவிப்புகள் ஒரே சமயத்தில் கூச்சலிட்டன. எது முக்கியம், எது அற்பம் என்று பிரிக்க வழி இல்லை. அச்சடித்துக் கொடுக்க வேண்டிய யந்திரம் மணிக்கணக்கில் பின்தங்கிவிட்டது. உலையின் உட்பகுதியில் ஏறக்குறையப் பாதி உருகிற்று.

ஜான் கெமினி என்பவர் தலைமையில் ஜனாதிபதி நியமித்த கமிஷன் அதே வருஷம் அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. வேலையில் இருந்தவர்கள் செய்தது தவறுதான் என்று அது ஒளிக்காமல் சொல்லிற்று. நாமும் அதை மறைக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்தாமல், அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி, அவர்கள் கையில் கொடுத்த குறிப்புப் புத்தகம், அவர்கள் உட்கார்ந்திருந்த அறையின் அமைப்பு எல்லாவற்றையும் கூண்டில் ஏற்றி விசாரித்தது. நம் ஊராய் இருந்தால் ராத்திரி வேலைக்காரன் இருவரை சஸ்பெண்டு செய்துவிட்டு, வாசலில் ஒரு பூசணிக்காய் உடைத்திருப்பார்கள்.

இதெல்லாம் அணு உலைக்கும் ஆகாய விமானத்துக்கும்தான், நமக்கென்ன என்று கிராமத்துத் தோழர்கள் எண்ண வேண்டாம். பாங்கியின் பணப் பெட்டியையே எடுத்துக் கொள்ளுங்கள். ஆரம்ப காலத்துப் பெட்டிகளில் முதலில் பணம் வரும், பிறகு அட்டை வரும். வந்த காரியம் பணம். பணம் கைக்கு வந்ததும் காரியம் முடிந்தது என்று மனது சொல்லிவிடும். மனிதன் அட்டையை மறந்துவிட்டுப் போய்விடுவான். இதற்கு "அட்டையை மறவாதீர்" என்று எத்தனை போர்டு எழுதி ஒட்டினாலும் ஒன்றும் ஆகாது. அட்டையை எடுத்தால்தான் பணம் வரும் என்று வரிசையை மாற்றினார்கள், மறதி குறைந்துவிட்டது. மனிதன் மறக்கிறவன் என்பதை ஒப்புக்கொண்டு பெட்டியைச் செய்தவன் புத்திசாலி. மறக்காதே என்று உபதேசம் செய்தவன் வெறும் புராணிகன்.

நம்முடைய வீட்டுச் சங்கதி ஒன்றையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ் எழுத்தில் ணை, லை, ளை, னை என்பவற்றுக்குத் தும்பிக்கை மாதிரி ஒரு கொம்பும், ணா, றா, னா என்பவற்றுக்குத் தனித்தனிச் சுழிகளும் இருந்தன. படிக்கும் பிள்ளைக்கும் கஷ்டம். அச்சுக் கோக்கிறவனுக்குத் தனித்தனி அச்சும் தனித்தனிக் குழியும் வேண்டும். டைப் யந்திரத்திலோ இடமே இல்லை. 1935-ல் பெரியார் அவர்கள் தமது 'குடி அரசு' பத்திரிகையிலேயே இவற்றை மற்ற எழுத்துக்களோடு ஒரே ஒழுங்காக்கி அச்சிட ஆரம்பித்தார். எழுத்து மனிதனுக்காகவா, மனிதன் எழுத்துக்காகவா என்பதுதான் அங்கே இருந்த கேள்வி. பண்டிதர்கள் பலர் முகத்தைச் சுளித்தார்கள். தமிழின் தெய்வீகம் கெட்டுவிட்டது என்றார்கள். 1978-ல் தமிழ்நாட்டு சர்க்காரே பதின்மூன்று எழுத்துக்களில் அந்த மாற்றத்தை ஏற்றுக் கொண்டது. அன்றைக்கு முகம் சுளித்தவர்களின் பேரன்மார்கள் இன்று அதே எழுத்தில்தான் தமிழின் தெய்வீகத்தைப் பற்றி எழுதுகிறார்கள். ஒரு பிள்ளையின் கஷ்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள 43 வருஷம் ஆயிற்று.

இப்போது நாம் சமீபத்தில் ஒரு சிற்றூரில் நேரில் பார்த்ததைச் சொல்லுகின்றோம். ஊர்ப் பேர் வேண்டாம். எந்த ஊரிலும் இதைப் பார்க்கலாம்.

ரேஷன் கடை. வரிசையில் எழுபது வயதுக்குக் குறையாத ஓர் அம்மாள். அறுவடையும் நடவும் களையெடுப்புமாகவே ஆயுளைக் கழித்தவர் என்பதற்கு அவர் கையே சாட்சி. கைரேகை யந்திரத்தில் கட்டை விரலை வைத்தார், யந்திரம் ஒப்புக்கொள்ளவில்லை. "சேலையில துடைச்சுட்டு வை" என்றார் கடைக்காரர். வைத்தார், இல்லை. "தலையில எண்ணெய் இருந்தா தேய்ச்சுட்டு வை." தலையில் தேய்த்துவிட்டு வைத்தார், இல்லை. மற்ற விரல், மற்ற கை, ஒன்றும் இல்லை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "ஆயா, உன் விரலு சரியில்லை, நாளைக்கு வா" என்று சொல்லப்பட்டது. அந்த அம்மாள் பையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, "எல்லாம் என் தலையெழுத்து சாமி" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.

தலையில் எழுத்து இருப்பதாக அந்த அம்மாளுக்குச் சொன்னவன் அயோக்கியன். அங்கே ஓர் எழுத்தும் கிடையாது. விரலில் இருந்த எழுத்தோ நமக்கெல்லாம் சோறு போட்டுத் தேய்ந்து போயிற்று. மண் வெட்டுகிறவன், செங்கல் சுமக்கிறவன், துணி வெளுக்கிறவன், பாத்திரம் தேய்க்கிறவள், சிமெண்டு குழைக்கிறவள் ஆகிய இவர்களுடைய விரல்தான் தேயும். வயது ஏறினால் மேலும் தேயும். மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் ரேகை அப்படியே பொன்போல இருக்கும். ஆனால் அவர் ரேஷன் கடை வரிசைக்கு வருவதே இல்லை. ஆகவே, யாருக்கு அரிசி வேண்டுமோ அவர்களுடைய விரலைப் பாராமல், யாருக்கு அரிசி வேண்டாமோ அவர்களுடைய விரலைப் பார்த்து ஒரு யந்திரத்தைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு, "உன் விரல் சரியில்லை" என்று சொன்னால் இதைவிடக் கொழுத்த அகம்பாவம் வேறு என்ன இருக்கிறது என்று கேட்கின்றோம். அந்த விரல் சரியாகத்தான் இருக்கிறது. எழுபது வருஷம் உழைத்த விரல் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது.

உடனே சர்க்கார் பக்கத்து நண்பர்கள், "மாற்று வழி இருக்கிறதே, கண்ணின் கருவிழியைப் பார்க்கும் கருவி வந்திருக்கிறதே, செல்போனுக்கு எண் வருமே, வர முடியாதவருக்கு வேறொருவர் வாங்கலாமே" என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை, நல்ல காரியமே. ஆனால் இவை எல்லாம் ஜனங்கள் திரும்பிப் போன பிறகு, திரும்பிப் போனவர்கள் அழுத பிறகு, அழுதது பத்திரிகையில் வந்த பிறகு ஒவ்வொன்றாக ஒட்டுப்போட்ட வழிகள். முதல் யந்திரத்தை வாங்குமுன் பத்து நடவுப் பெண்களைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொல்லியிருந்தால், ஒரு காலை நேரத்தில் தெரிந்திருக்கக்கூடிய விஷயம் இது. அன்றியும், செல்போனுக்கு எண் வரும் என்கிறார்களே, அந்த செல்போன் பெரும்பாலும் மகனுடைய சட்டைப் பையில் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறது.

இதைவிடக் கொடுமையான ஒன்றை உச்ச நீதிமன்றமே விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. பாங்கியில் கணக்குத் திறக்கவும், செல்போன் இணைப்பு வாங்கவும், இன்னும் பலவற்றுக்கும் காமிராவுக்கு முன் நின்று "கண்ணைச் சிமிட்டு" என்கிறார்கள். சிமிட்டினால்தான் உயிரோடு இருக்கிற ஆள் என்று யந்திரம் ஒப்புக் கொள்ளும். 2023-ல் ஒரு பெண் பாங்கிக்குப் போனார். அவர் முகத்தில் ஆசிட் ஊற்றப்பட்டு, முகமும் கண்ணும் சிதைந்தவர். அவரால் கண்ணைச் சிமிட்ட முடியாது. எதிரில் உட்கார்ந்து பேசுகிறார், மூச்சு விடுகிறார்; ஆனால் சிமிட்டவில்லை, ஆகையால் அவர் உயிரோடிருப்பது ருஜுவாகவில்லை. ஒரு கொடியவன் ஊற்றிய ஆசிட் அவர் முகத்தைத்தான் எரித்தது. பாங்கியின் யந்திரமோ அவரை உயிருள்ளவர் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டது. இதில் யாரும் வேண்டுமென்று தீமை செய்யவில்லை என்பது நமக்குத் தெரியும். யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அதுதான் குற்றம். தங்களைப் போலவே எல்லோருக்கும் இமை இருக்கும் என்று நினைத்தார்கள்.

இந்த வழக்கும், கண் பார்வையற்ற ஒருவர் கொண்டு வந்த வழக்கும் ஒன்றாக விசாரிக்கப்பட்டு, 2025 ஏப்ரல் 30-ந்தேதி தீர்ப்பாயிற்று. மின்வழிச் சேவைகளை எட்டிப் பிடிக்கும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு கொடுக்கும் உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று நீதிபதிகள் சொன்னார்கள். இருபது உத்தரவுகள் போட்டார்கள். சிமிட்டுவது அல்லாத வேறு வழிகளும் வேண்டும் என்றார்கள். இப்படிப்பட்ட ஏற்பாடுகளைத் தக்கவர்களைக் கொண்டு காலாகாலத்தில் தணிக்கை செய்யவேண்டும் என்றார்கள். மகிழ்ச்சியோடு வரவேற்கின்றோம். ஆனால் அதில் ஓர் இடத்தில், புதிய செயலியோ இணையதளமோ வடிவமைக்கும்போது சோதித்துப் பார்க்கும் கட்டத்தில் பார்வையற்றவர்களைச் சேர்த்துக் கொள்ள"லாம்" என்று இருக்கிறது. தணிக்கைக்கு "வேண்டும்", உபயோகிக்கப் போகிறவரைக் கூப்பிட மாத்திரம் "லாம்". இந்த ஒரு "லாம்" என்கின்ற சந்தில் எத்தனை கம்பெனிகள் நுழைந்து தப்பித்துக்கொள்ளும் என்பதை நம் வாசகர்கள் யோசித்துக் கொள்ளட்டும்.

இனி நம்மை எதிர்ப்பவர்கள் சொல்லும் நியாயங்களைப் பார்ப்போம். "ஜனங்கள் படித்துக்கொள்ள வேண்டியதுதானே" என்பது முதலாவது. படிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதைச் சொல்ல நம்மைவிடப் பொருத்தமற்றவர் கிடையாது. ஆனால் பி-17 ஓட்டியவர்கள் படிக்காதவர்களா? அணு உலைக்கு முன் உட்கார்ந்திருந்தவர்கள் கைநாட்டுகளா? பழக்கத்தால் தீருகிற குறை ஒன்று உண்டு. எவ்வளவு பழகினாலும் களைத்த நேரத்தில் காலை வாருகிற குறை ஒன்று உண்டு. பின்னதைச் செய்தவனைப் பிடிக்காமல் முன்னதைச் சொல்லித் தப்பிப்பது மோசடி.

"பணம் அதிகம் பிடிக்கும்" என்பது இன்னொன்று. ரப்பர்ச் சக்கரம் என்ன விலை, நொறுங்கிய விமானம் என்ன விலை என்பதற்குமேல் இதற்குப் பதில் தேவையில்லை. "எல்லோரையும் கேட்டுக்கொண்டு ஒரு காரியம் செய்ய முடியுமா" என்பார்கள். எல்லோரையும் கேட்க வேண்டாம். உபயோகிக்கப் போகிறவர்களில் ஐந்தாறு பேரை உட்கார வைத்து, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்து பார்த்தாலே பெரிய குறைகளில் பெரும்பாலானவை வெளியே வந்துவிடுகின்றன என்பது இத்தொழிலில் இருப்பவர்களின் அனுபவம். வாயை மூடிக்கொண்டு பார்ப்பதுதான் நம் உத்தியோகஸ்தர்களுக்கு வராது. "இங்கே அமுக்குங்கள்" என்று கையை நீட்டிவிடுவார்கள். அமுக்கினதும் "பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்" என்று போட்டோ எடுத்துக் கொள்வார்கள்.

நிற்க, "மனிதனை மையமாகக் கொண்டது" என்று பலகை மாட்டியவர்களை எல்லாம் நம்பிவிட வேண்டாம் என்றும் எச்சரிக்கை செய்கின்றோம். மனித மனதை நன்றாகத் தெரிந்தவன் எல்லாம் மனிதனுக்கு நல்லவன் ஆகமாட்டான். புரோகிதனுக்கு மனித மனது தெரியாதா? எந்த நேரத்தில் பயப்படுவான், எந்த நேரத்தில் மடியை அவிழ்ப்பான் என்பது அவனுக்குத் தெரிந்த அளவு எந்த மனோதத்துவ நிபுணனுக்குத் தெரியும்? அதே சாஸ்திரத்தை இன்று செல்போன் கடைக்காரர்கள் நடத்துகிறார்கள். "இன்னும் இரண்டு நிமிஷத்தில் விலை ஏறிவிடும்" என்று பொய்க் கடிகாரம் ஓடவிடுவது. நாம் எடுக்காத சாமானைக் கூடையில் திருட்டுத்தனமாகச் சேர்ப்பது. சந்தாவில் சேர ஒரு தட்டு, விலக ஒன்பது தட்டு என்று வைப்பது. வேண்டாம் என்று சொல்லுகிறவனை வெட்கப்படும்படி வார்த்தை எழுதுவது. இப்படிப்பட்ட வலைகளில் 13 வகைகளைப் பேர் சொல்லித் தடுத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ந்தேதி வழிகாட்டு விதிகள் வெளியிட்டிருக்கிறது. மனிதனைக் கவனித்துப் பார்த்துச் செய்த வேலைதான் இவையும். கறிக்கடைக்காரனும் ஆட்டைக் கவனித்துப் பார்க்கிறான். ஆகையால் யாரை மையமாக வைத்தாய் என்று மட்டும் கேட்டால் போதாது. யாருக்கு லாபமாக வைத்தாய் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நம் தோழர்கள் என்ன செய்யலாம் என்று கடிதம் எழுதிக் கேட்பார்கள் என்பதற்காக ஒன்று சொல்லி நிறுத்துகின்றோம். ஆகஸ்டு 15-ந்தேதியும் அக்டோபர் 2-ந்தேதியும் கிராமசபை கூடுகிறது. ரேஷன் கடைகளில் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களுடையவை. அவற்றின் பேரவைக் கூட்டங்களுக்குப் போக அங்கத்தினருக்கு உரிமை உண்டு. அங்கே மாலை மரியாதையும் வந்தனோபசாரமும் முடிந்து டீ வருவதற்கு முன், நம்மில் ஒருவர் எழுந்து கீழ்க்கண்ட தீர்மானத்தைப் பிரேரேபித்து, மற்றொருவர் ஆமோதிக்க வேண்டும்:

"இவ்வூரில் ஜனங்கள் உபயோகத்துக்கென்று இனி எந்த யந்திரமோ, மனுவோ, படிக்கட்டோ, செல்போன் ஏற்பாடோ கொண்டு வரப்படுமுன், இவ்வூர் நடவுப் பெண்கள், முதியோர், பார்வையற்றோர், கைகால் ஊனமுற்றோர், எழுத்தறியாதோர் ஆகியவர்களில் ஐவருக்குக் குறையாமல் அழைத்து, ஒருவரும் உதவி செய்யாமல் அவர்கள் கையில் கொடுத்துப் பார்த்து, அவர்கள் இடறிய இடங்களை எழுதி, சாவடிப் பலகையில் ஒட்ட வேண்டும். அதுவரை அதற்குப் பணம் பட்டுவாடா செய்யக்கூடாது."